பன்னிரண்டு நரம்புகளும் ஒரு பாட்டும்: முதலாண்டு மருத்துவ மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள முதலாம் ஆண்டு எம்.பி.பி.எஸ். மாணவ, மாணவியருக்கு,

இந்நேரம் சீனியர்கள் உங்களுக்கு அந்தப் பாட்டைச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ‘ஓ... ஓ... ஓ...’ என்று மூன்று பெருமூச்சோடு தொடங்கும் ஆங்கில வாக்கியம். ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தையும் பிடித்துக்கொண்டு போனால் பன்னிரண்டு கபால நரம்புகளும் வரிசை மாறாமல் வந்துவிடும். அதற்கு வகுப்பறைப் பதிப்பு ஒன்று, ஹாஸ்டல் பதிப்பு ஒன்று. எது சீக்கிரம் மனதில் நிற்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எந்த நரம்பு உணர்வுக்கு, எது இயக்கத்துக்கு, எது இரண்டுக்கும் என்பதற்கு இன்னொரு பாட்டு உண்டு. வைவாவில் வெளித்தேர்வாளர் முன்னால் நாக்கு வறண்டு நிற்கும்போது இரண்டும் கைகொடுக்கும். அதில் எனக்குத் தகராறு இல்லை.

என் தகராறு வேறு. நான்கரை ஆண்டு கழித்து ஹவுஸ் சர்ஜனாக எங்கள் நரம்பியல் வார்டுக்கு வருவீர்கள். அப்போதும் பாட்டு நினைவிருக்கும். ஒரு பக்கம் வாய் கோணி, கண் மூடாமல், தலைசுற்றலோடு ஒருவர் கட்டிலில் கிடப்பார். பாட்டை முதலிலிருந்து கடைசி வரை ஓட்டிப் பார்ப்பீர்கள். அவருக்கு என்ன ஆயிற்று என்று அது சொல்லாது. ஏன் சொல்லாது என்பதை இப்போதே, டிசெக்ஷன் ஹாலில் மூளை உங்கள் கையில் இருக்கும்போதே, சொல்லிவிடலாம் என்றுதான் இந்தக் கடிதம்.

தமிழில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. உங்களில் சிலர் அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டில் வந்திருக்கிறீர்கள். முகுளம், சிறுமூளை, தண்டுவடம் என்று பிளஸ் டூவில் தெளிவாகப் படித்ததெல்லாம் இங்கே வந்த ஒரே வாரத்தில் வேறு பெயர்களில் தலைமேல் விழுகிறது. நரம்பு மண்டலம் என்றாலே மிரண்டு, ‘இது நமக்கு வராது’ என்று முடிவு கட்டிவிடுகிறவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். வரும். இந்தப் பாடத்தில் மனப்பாடத்தைவிடத் தர்க்கம் அதிகம். யாரும் அதைச் சொல்லிக் கொடுப்பதில்லை, அவ்வளவுதான்.

முதலில் அந்த எண்கள். ஒன்று முதல் பன்னிரண்டு வரை என்ற கணக்கு இயற்கை போட்டதல்ல. இரண்டாம் நூற்றாண்டில் காலென் ஏழு இணைகள் என்று எண்ணினார். 1664-ல் தாமஸ் வில்லிஸ் எழுதிய மூளை உடற்கூறு நூலில் அது வளர்ந்தது. ஆனால் இன்றைய முக நரம்பும் செவி நரம்பும் அவருக்கு ஒரே ஏழாம் நரம்பு. ஒன்பது, பத்து, பதினொன்று மூன்றையும் சேர்த்து எட்டாம் நரம்பு என்றார். (அந்த நூலின் படங்களில் பலவற்றை வரைந்தவர், பின்னாளில் லண்டனின் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென். அனாட்டமி ரெக்கார்டு வரையச் சலித்துக்கொள்கிறவர்கள் கவனிக்க.) நாம் இன்று ஒப்பிக்கும் பன்னிரண்டை வகுத்தவர் சாமுவேல் தாமஸ் ஸோமெரிங், 1778-ல், கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டில். அப்போது அவருக்கு வயது 23. உங்களைவிட நாலைந்து வயது மூத்தவர், அவ்வளவே.

அவர் செய்தது என்ன? மூளையை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்து, அடிப்பரப்பில் முன்னிருந்து பின்னாக எந்த நரம்பு எங்கே வெளிவருகிறது என்று பார்த்து எண் போட்டார். ஆக, அந்த எண் சொல்வது நரம்பு வெளிவரும் வாசலை மட்டும். ரத்தக்குழாய் அடைப்போ கட்டியோ வாசல் எண் பார்த்து வருவதில்லை. மூளைத்தண்டுக்குள் ஓரிடத்தில் வந்து, அங்கே பக்கத்தில் பக்கத்தில் இருப்பதையெல்லாம் சேர்த்துத் தாக்கும். அதனால் உங்களுக்குத் தெரிய வேண்டியது ஒவ்வொரு நரம்பின் நியூக்ளியஸும் உள்ளே எங்கே இருக்கிறது, அதன் அண்டை அயல் யார் என்பது.

மூளைத்தண்டின் மொத்த நீளம் ஏழெட்டு சென்டிமீட்டர். மேலே நடுமூளை, இடையில் பான்ஸ், கீழே முகுளம். முதல் இரண்டு நரம்புகளுக்கு இங்கே இடமே இல்லை. மோப்ப நரம்பும் பார்வை நரம்பும் பெருமூளையின் பக்கத்தைச் சேர்ந்தவை. பார்வை நரம்பை நரம்பு என்பதே மரியாதைக்குத்தான். அது மூளையின் நீட்சி, மூளையுறைகளும் அதோடு கண் வரை கூடவே போகின்றன. மீதிப் பத்தில் மூன்றும் நான்கும் நடுமூளையில். ஐந்து முதல் எட்டு வரை பான்ஸில். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை முகுளத்தில். எல்லைகள் இவ்வளவு சுத்தமாக இருப்பதில்லை என்று உங்கள் அனாட்டமி பேராசிரியர் கோபிப்பார். ஐந்தாம் நரம்பின் உணர்வு நியூக்ளியஸ் நடுமூளையில் தொடங்கிக் கழுத்துத் தண்டுவடம் வரை இறங்குகிறது, பதினொன்றாம் நரம்பின் பெரும்பகுதி கழுத்திலிருந்தே ஏறி வருகிறது என்பார். அவர் சொல்வது சரி. நான் சொல்வது கட்டிலருகே நிற்கும்போது போதுமான அளவுக்குச் சரி.

இனி குறுக்குவாட்டில் பாருங்கள். கருவில் தண்டுவடம் ஒரு குழாய். அதன் முன்பாதி இயக்கத்துக்கு, பின்பாதி உணர்வுக்கு. இடையில் ஒரு பள்ளக்கோடு. முகுளத்துக்கும் பான்ஸுக்கும் வரும்போது நான்காம் வென்ட்ரிக்கிள் விரிவதால் அந்தக் குழாய், பின்பக்கமாக வகிர்ந்து விரித்துப் போட்ட முருங்கைக்காய் மாதிரி ஆகிவிடுகிறது. பின்னால் இருந்தது ஓரத்துக்குப் போய்விட்டது. முன்னால் இருந்தது நடுவில் தங்கிவிட்டது. ஆகவே மூளைத்தண்டில் இயக்க நியூக்ளியஸ்கள் நடுக்கோட்டுப் பக்கம், உணர்வு நியூக்ளியஸ்கள் ஓரம். இந்த ஒரு வாக்கியம் உங்களுக்குப் பத்துப் பக்க நோட்ஸை மிச்சப்படுத்தும்.

இதை இன்னும் சுலபமாக்கியவர் ஆஸ்திரேலியாவின் ஜீலாங் நகரத்து நரம்பியல் மருத்துவர் பீட்டர் கேட்ஸ். 2005-ல் அவர் எழுதிய கட்டுரையில் ‘நான்கின் விதி’ என்று ஒன்று சொன்னார். நரம்பியல் படிக்காத மருத்துவர்களுக்காகவே எழுதியது. அதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி சின்னக் கணக்கு ஒன்று: 12-ஐ மீதமில்லாமல் வகுக்கும் எண்கள் எவை? 1, 2, 3, 4, 6, 12. முதல் இரண்டும் மூளைத்தண்டிலேயே இல்லை. மீதி நான்கின் நியூக்ளியஸ்களும் நடுக்கோட்டை ஒட்டி உள்ளன. மூன்று, நான்கு, ஆறு கண்ணை அசைப்பவை, பன்னிரண்டு நாக்கை. 5, 7, 9, 11 ஓரத்தில். ஏன் அப்படி என்பதற்கும் கருவியலில் பதில் உண்டு, ஆனால் கணக்கு முதலில் ஒட்டிக்கொள்ளட்டும்.

ஒரு எச்சரிக்கை. பன்னிரண்டு நரம்பு என்றால் பன்னிரண்டு நியூக்ளியஸ் என்ற நினைப்பைப் பாட்டு சொல்லாமலே விதைத்துவிடும். நாவின் சுவை ஏழு, ஒன்பது, பத்து என மூன்று நரம்புகள் வழியாக வந்தாலும் போய்ச் சேருவது ஒரே இடம், சாலிட்டேரியஸ் நியூக்ளியஸ். விழுங்கவும் பேசவும் உதவும் தசைகளுக்கு ஒன்பதும் பத்தும் வெவ்வேறு வழியில் போனாலும் கிளம்புவது ஒரே ஆம்பிகுவஸ் நியூக்ளியஸிலிருந்து. உள்ளே இருக்கும் அமைப்பு வேலையை வைத்துப் பிரிந்திருக்கிறது. வெளியே இருப்பது வழியை வைத்து.

அடுத்த முறை டிசெக்ஷன் ஹாலில் சிறுமூளையை எடுத்துவிட்டு நான்காம் வென்ட்ரிக்கிளின் தரையைப் பாருங்கள். பான்ஸின் கீழ்ப்பாதியில், நடுக்கோட்டின் இருபுறமும் சின்னதாக ஒரு மேடு தட்டுப்படும். விரலால் தடவினால் தெரியும். அதன் பெயர் முக மேடு, ஃபேஷியல் காலிக்குலஸ். ஸ்பாட்டரில் ஊசி குத்தி வைக்க ஆசிரியர்களுக்குப் பிடித்த இடம். பெயரைப் பார்த்து உள்ளே இருப்பது முக நரம்பின் நியூக்ளியஸ் என்று எழுதாதீர்கள். அங்கே இருப்பது ஆறாவதன் நியூக்ளியஸ். ஏழாம் நரம்பின் நியூக்ளியஸ் முன்னால், ஓரமாக, ஆழத்தில் இருக்கிறது. அதிலிருந்து கிளம்பும் இழைகள் நேரே வெளியே போகாமல், பின்பக்கம் வந்து ஆறாவதைச் சுற்றி வளைத்துக்கொண்டுதான் திரும்பி வெளியேறுகின்றன. அந்தச் சுற்றுதான் மேடாகத் தெரிகிறது.

இந்த வீண் சுற்று எதற்கு என்று கேட்பீர்கள். மருத்துவர்களுக்கு அதைவிட உதவியான அமைப்பு மூளையில் குறைவு. எப்படி என்று சொல்கிறேன்.

‘காலையில் எழுந்து வாய் கொப்பளித்தேன், தண்ணீர் ஒரு பக்கம் ஒழுகிவிட்டது’ என்று வருபவர்கள் நிறைய. வீட்டில் காற்று அடித்துவிட்டது என்பார்கள், முகவாதம் என்பார்கள், பக்கவாதம் வந்துவிட்டது என்று அழுவார்கள். நெற்றியைச் சுருக்கச் சொல்லுங்கள். முகத்தின் கீழ்ப்பாதி மட்டும் செயலிழந்து நெற்றி நன்றாகச் சுருங்கினால் கோளாறு மேலே, பெருமூளைப் பக்கம். நெற்றித் தசைக்கான செல்களுக்கு இரு பக்கப் பெருமூளையிலிருந்தும் உத்தரவு வருவதால் ஒரு பக்கம் போனாலும் அது பிழைத்துக்கொள்கிறது. நெற்றியும் சுருங்கவில்லை, கண்ணும் மூடவில்லை, மூட முயன்றால் விழி மேலே உருள்கிறது என்றால் நியூக்ளியஸோ அதற்குப் பிந்தைய நரம்போ பழுது. முக நரம்பைப் பற்றி 1821-ல் எழுதிய சார்ல்ஸ் பெல்லின் பெயரால் பெல் வாதம் என்று அழைப்பது இதன் மிகப் பொதுவான வடிவம். பெரும்பாலோருக்கு நன்றாகவே சரியாகும். 72 மணி நேரத்துக்குள் ஸ்டீராய்டு தொடங்கினால் வாய்ப்பு இன்னும் கூடும். மூடாத கண்ணுக்குச் சொட்டு மருந்தும் இரவில் டேப்பும் மறக்கக் கூடாது. முகத்தைவிடக் கண்தான் அவசரம்.

இதுவரை எல்லாப் புத்தகத்திலும் உண்டு. எல்லாரும் இங்கேயே நின்றும்விடுகிறார்கள். ‘நெற்றி சுருங்கவில்லை, அப்படியென்றால் ஸ்ட்ரோக் இல்லை, மாத்திரை எழுதி அனுப்பு.’ இது ஆபத்தான குறுக்குவழி. பான்ஸுக்குள்ளேயே அடைப்பு வந்து ஏழாவதன் இழைகளைத் தாக்கினாலும் முகம் முழுப்பாதியும்தான் விழும், நெற்றி உட்பட. அப்போது காப்பாற்றுவது அந்தச் சுற்றுதான். விரலைக் காட்டி, முகம் விழுந்த பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். அந்தப் பக்கத்துக் கண் வெளியே திரும்பவில்லை என்றாலோ, இரு கண்களுமே அந்தப் பக்கம் போக மறுத்தாலோ ஆறாவதும் கூடவே அடிபட்டிருக்கிறது. ஏழும் ஆறும் அடுத்தடுத்து இருப்பது உள்ளே மட்டும். ஆகவே இது பெல் வாதம் இல்லை. அவரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. இந்தச் சோதனைக்கு ஆகும் நேரம் பத்து விநாடி.

பான்ஸிலிருந்து முகுளத்துக்கு இறங்குவோம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் கேஷுவால்டியில் அதிகம் தவறவிடுவது இதுதான்.

ஐம்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர். திடீரென்று தலைசுற்றல், வாந்தி, நடந்தால் ஒரு பக்கம் தள்ளுகிறது. கை கால் நன்றாகத் தூக்குகிறார். வாய் கோணவில்லை. பித்தம், காஸ்டிரிக், காதுக் கோளாறு என்று மூன்றில் ஒரு பெயரும் ஓர் ஊசியும் கிடைக்கும். சி.டி. எடுத்தால் ‘நார்மல்’ என்று வரும். மூளையின் பின்பள்ளத்தில் புதிதாக வந்த அடைப்பை சி.டி. பெரும்பாலும் காட்டாது. ஆனால் அவரிடம் கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால் சொல்வார்: ‘குளிக்கும்போது இடது காலில் ஊற்றினால் சுடுதண்ணீர் சுடவில்லை டாக்டர், வலது பக்கம் கன்னம் மரத்துப்போன மாதிரி இருக்கு.’ மனைவி சேர்த்துக்கொள்வார்: ‘குரல் கட்டிப்போச்சு, தண்ணி குடிச்சா புரையேறுது, விக்கல் நிக்கவே இல்லை.’ முகம் வலம், உடல் இடம் என்று மாற்றிச் சொல்கிறாரே, மனப்பிரமையோ என்று இளம் மருத்துவர்கள் சந்தேகிப்பது இங்கேதான்.

அவர் சரியாகத்தான் சொல்கிறார். டான்சிக் நகரத்து மருத்துவர் அடோல்ஃப் வாலன்பெர்க் 1895-ல் இதே குறிகளோடு ஒரு நோயாளியை விவரித்து, பழுது முகுளத்தின் பக்கவாட்டில் என்று கணித்தார். அந்த நோயாளி இறந்தபின் 1901-ல் பிரேதப் பரிசோதனை விவரத்தையும் வெளியிட்டார். கணிப்பு சரியாக இருந்தது. ஸ்கேன் என்ற பேச்சே இல்லாத காலம். அவரிடம் இருந்தது அண்டை அயல் பற்றிய அறிவு.

நீங்களும் கணித்துப் பாருங்கள். முகுளத்தின் ஓரத்தில் ஐந்தாவதன் உணர்வு நியூக்ளியஸ்: அதே பக்க முகத்தில் வலியும் சூடும் தெரியாது. அதன் பக்கத்திலேயே உடலின் வலி, சூடு உணர்வை ஏந்திவரும் பாதை. அது தண்டுவடத்திலேயே பக்கம் மாறி வந்துவிட்டதால் எதிர்ப்பக்க உடல் மரக்கும். ஆம்பிகுவஸ்: குரலும் விழுங்கலும். வெஸ்டிபுலர் நியூக்ளியஸ்: தலைசுற்றல். சிறுமூளைக்குப் போகும் பாதை: தள்ளாட்டம். சிம்பதெட்டிக் இழைகள்: அதே பக்க இமை லேசாகத் தொங்கி, கண்பாவை சிறுத்திருக்கும். கை கால் ஏன் விழவில்லை? இயக்கப் பாதை முன்னால், நடுக்கோட்டை ஒட்டி, வேறு ரத்தக்குழாயின் பாசனத்தில் பத்திரமாக இருக்கிறது. மனப்பாடம் செய்ய ஒன்றுமே இல்லை, பார்த்தீர்களா? ஓரத்தில் யார் யார் என்று தெரிந்தால் நோய் தானாக எழுதிக்கொள்கிறது.

டியூனிங் ஃபோர்க்கின் குளிர்ந்த உலோகத்தை இரண்டு கன்னத்திலும் இரண்டு காலிலும் வைத்துக் கேளுங்கள், போதும். இன்னொன்று: இந்த நோயாளிக்கு ஆஸ்பிரினை ஒரு டம்ளர் தண்ணீரோடு நீட்டாதீர்கள். விழுங்குகிறாரா என்று ஒரு ஸ்பூன் தண்ணீரில் பார்த்த பிறகுதான். நுரையீரலுக்குள் போன தண்ணீர் பிறகு நிமோனியாவாகத் திரும்பி வரும்.

பான்ஸின் முன்பக்கம் முழுதும் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பிரெஞ்சுப் பத்திரிகை ஆசிரியர் சாட்சி. ‘எல்’ இதழின் ழான்-டொமினிக் போபி, 1995 டிசம்பரில் வந்த ஸ்ட்ரோக்குக்குப் பின் உடல் முழுதும் அசைவற்றுப் போனார். அறிவு முழுதும் விழித்திருந்தது. இடக்கண் இமையைச் சிமிட்டியே எழுத்தெழுத்தாகச் சொல்லி ஒரு புத்தகம் எழுதினார். அது 1997-ல் வந்தது. இந்த நிலையில் கண்ணை மேலும் கீழும் அசைக்கும் மையமும் இமையைத் தூக்கும் மூன்றாவதன் நியூக்ளியஸும் தப்பிவிடுவது வழக்கம். அவை நடுமூளையில், பழுதுக்கு மேலே இருக்கின்றன. பக்கவாட்டில் திருப்பும் ஆறாவது பான்ஸோடு போய்விடுகிறது. ஆகவே, ‘கூப்பிட்டால் அசைவில்லை’ என்று கேஸ் ஷீட்டில் எழுதுமுன், மேலே பாருங்கள், கீழே பாருங்கள் என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். அவர் காதுபட அவரைப் பற்றி என்னென்ன பேசினோம் என்பதும் அப்போது நினைவுக்கு வரும்.

கடைசியாக, நீங்கள் படிக்கும் இந்த மாநிலத்தோடு நேரடித் தொடர்புள்ள ஒன்று. 2008 செப்டம்பரில் விபத்தில் மூளைச்சாவடைந்த மாணவர் ஹிதேந்திரனின் உறுப்புகளை, திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மருத்துவர்களான அவருடைய பெற்றோர் தானம் செய்தார்கள். தமிழ்நாட்டில் உறுப்புதானம் பற்றி டீக்கடைகளில்கூடப் பேசத் தொடங்கியது அதன் பிறகுதான். 2023 முதல் உறுப்புதானம் செய்தவர்களின் உடலுக்கு அரசு மரியாதையும் தரப்படுகிறது. இதற்கெல்லாம் முன்னால், ஐ.சி.யூ.வில் நடக்கும் மருத்துவச் சோதனை என்ன தெரியுமா? உங்கள் இதே பாடம்தான்.

இந்தியச் சட்டம், 1994-ல் வந்த உறுப்பு மாற்றுச் சட்டம், மூளைத்தண்டு இறந்ததா என்றே கேட்கிறது. நான்கு மருத்துவர்கள், குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை பார்க்க வேண்டும். டார்ச் அடித்தால் கண்பாவை சுருங்குகிறதா: இரண்டாவது வழியாகப் போய் மூன்றாவது வழியாகத் திரும்பும், நடுமூளை. பஞ்சால் கருவிழியைத் தொட்டால் இமை மூடுகிறதா: ஐந்தில் போய் ஏழில் திரும்பும், பான்ஸ். காதுக்குள் ஐஸ் தண்ணீர் ஊற்றினால் கண் நகர்கிறதா: எட்டில் போய் மூன்றிலும் ஆறிலும் திரும்பும். தொண்டையைத் தொட்டால் குமட்டல், மூச்சுக்குழாயில் சக்ஷன் போட்டால் இருமல்: ஒன்பதும் பத்தும், முகுளம். முடிவில் வென்டிலேட்டரை விலக்கி, ஆக்சிஜன் மட்டும் கொடுத்து, ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏற ஏற மூச்சு தானாக வருகிறதா என்று பார்ப்பது. மேலிருந்து கீழாக ஏழெட்டு சென்டிமீட்டரையும் ஒவ்வொரு தளமாகத் தட்டிக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்து.

அந்த இடைவெளி நேரத்தில் ஒரு தாய் ஓடி வந்து, ‘விரல் அசைஞ்சுது டாக்டர், நான் பார்த்தேன்’ என்று உங்கள் கையைப் பிடிப்பார். அவர் பார்த்தது உண்மையாகவே இருக்கலாம். ‘பிரமை’ என்று தட்டிக்கழிக்காதீர்கள். மூளைத்தண்டு இறந்த பின்னும் தண்டுவடம் தன்னளவில் உயிரோடிருக்கும்; விரலும் சில சமயம் கையும்கூட அசையலாம். அது கபால நரம்புகளின் பகுதியிலிருந்து வரும் அசைவல்ல. இதை அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவருக்குப் புரிகிற தமிழில், அவர் கேட்கும் ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியவர் நீங்கள். பேராசிரியர் ரவுண்ட்ஸ் முடித்துப் போயிருப்பார்.

அன்புடன்,
உங்கள் நரம்பியல் வாத்தியார்

பி.கு.: நான்காம் நரம்பைப் போகிறபோக்கில் தொட்டதோடு விட்டுவிட்டேன் என்று உங்களில் ஒருவராவது கவனித்திருப்பீர்கள். பன்னிரண்டிலும் மெல்லியது, மூளைத்தண்டின் பின்பக்கமாக வெளிவரும் ஒரே நரம்பு, வெளிவரும்போதே எதிர்ப்பக்கம் தாண்டிவிடும். அது பழுதானால் படி இறங்கும்போதும் பேப்பர் படிக்கும்போதும் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்பார்கள். அதைச் சமாளிக்கத் தலையை மறுதோள் பக்கம் சாய்த்தே வைத்திருப்பார்கள், தங்களுக்கே தெரியாமல். அப்படி ஒருவர் வந்தால் அவருடைய கல்யாண ஆல்பத்தைக் கொண்டுவரச் சொல்லுங்கள். இருபது வருடத்துக்கு முந்தைய படத்திலும் மாப்பிள்ளையின் தலை அதே பக்கம் சாய்ந்திருந்தால், கோளாறு அநேகமாகப் பிறவியிலேயே இருந்தது, பதற வேண்டியதில்லை.